வாத்தியாரின் வலது கால்

என் வீட்டுக்காரருக்கு வலி எப்போதும் ரெண்டுதான். காலையில் கேட்டாலும் ரெண்டு, சாயங்காலம் கேட்டாலும் ரெண்டு. ஊசி உள்ளே இருக்கும்போதும் ரெண்டு, எடுத்த பிறகும் அதே ரெண்டு. ஆஸ்பத்திரியில் பூஜ்யத்திலிருந்து பத்து வரைக்கும் ஒரு நம்பர் சொல்லச் சொல்கிறார்கள். பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் இதற்கு மேல் தாங்காது. நடுவில் இத்தனை எண்கள் சும்மா கிடக்கின்றன, மனுஷன் ஒன்றையாவது தொட்டுப் பார்க்கக் கூடாதா? மாட்டார்.

கேட்க வருகிறவள் ஒரு நர்ஸ். மற்ற நர்ஸ்கள் மாத்திரை கொடுப்பார்கள், கட்டு மாற்றுவார்கள். இவளுக்கு வலியை அளப்பது மட்டும்தான் வேலை. நுரையீரலில் கட்டி வந்து ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களிடமும், ஆபரேஷன் முடிந்தவர்களிடமும் கட்டில் கட்டிலாகப் போய் நம்பர் கேட்பாள். வார்டில் அவளுக்கு நம்பரம்மா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சின்ன வயசுதான், ஆனால் லேசில் ஏமாறுகிற ஆள் இல்லை. கையில் ஓர் அட்டை வைத்திருப்பாள். அதில் சிரிக்கிற மூஞ்சியில் ஆரம்பித்து அழுகிற மூஞ்சி வரைக்கும் வரிசையாக வரைந்திருக்கும். எண் சொல்ல முடியாதவர்கள் மூஞ்சியைத் தொட்டுக் காட்டலாம்.

"இந்தக் கடைசி மூஞ்சி அப்படியே என் மச்சான்," என்றார் இவர், முதல் நாளே. என் தம்பியைத்தான் சொல்கிறார். "அவன் கல்யாண போட்டோவுல இப்படித்தான் நிப்பான்."

நம்பரம்மா சிரித்தாள். "சிரிச்சது போதும் சார், நம்பரைச் சொல்லுங்க."

"ரெண்டு."

"ஆபரேஷனுக்கு முன்னாடி உங்களுக்கு என்ன வலி இருந்துச்சுன்னு எனக்குத் தெரிஞ்சாத்தான், அப்புறம் வர்ற வலி புதுசா பழசான்னு நான் சொல்ல முடியும். நெஜமாவே ரெண்டா?"

"நெஜமாவே."

அந்த முகத்தைப் பார்த்தால் யாராக இருந்தாலும் நம்புவார்கள். அது அவர் தொழிலுக்காகச் செய்து வைத்த முகம். டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர் அவர். ஊரில் பாதிப் பேருக்கு வாத்தியார். பழகுகிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகச் சுவரை நோக்கிப் போவார், பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார். அப்போது பக்கத்தில் இருக்கிறவர் ஐயோ என்று ஒரு சத்தம் போட்டால் போச்சு, அந்த ஆள் கையையும் விட்டுவிடுவார், காலையும் விட்டுவிடுவார். அதனால் வாத்தியார் முகத்தில் எதுவும் வரக் கூடாது. "மெதுவா... இன்னும் கொஞ்சம் மெதுவா..." என்று தாலாட்டுகிற குரலில் சொல்லிக்கொண்டே இருப்பார். கீழே அவர் பக்கம் இருக்கிற இரண்டாவது பிரேக்கை அவருடைய வலது கால் எப்போதோ அழுத்தியிருக்கும். வண்டி நின்றதும், "பிரமாதமா நிறுத்துனீங்க" என்பார். எத்தனை பெரிய புளுகு! அந்தப் புளுகை நம்பித்தான் இந்த ஊரில் இத்தனை பேர் தைரியமாக வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் செருப்புக் கடையில் விற்பனைக்கு நிற்கிறவள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே கடை. ஒரு நாள் இவர் ஷூ வாங்க வந்தார். கழற்றி வைத்ததைப் பார்த்தேன். இடது ஷூ புதுசு மாதிரி இருந்தது, வலது ஷூவில் முன்பாதத்துக்குக் கீழே ஓட்டை விழுந்திருந்தது.

"ஒத்தக் கால்லயா நடக்கறீங்க?" என்று கேட்டேன்.

முகத்தில் ஓர் அசைவு இல்லை. "ஒத்தக் கால்ல பயப்படுவேங்க," என்றார்.

அந்தப் பதிலுக்காகத்தான் கட்டிக்கொண்டேன் என்று இன்றைக்கும் சொல்வேன். அவர் சொன்னது அப்பட்டமான உண்மை. மகள் பிறந்த அன்று பிரசவ அறைக்கு வெளியே இவர் சாவகாசமாக உட்கார்ந்து பேப்பர் படித்தாராம். என் மாமியார்கூட, கல் மனசுக்காரன் என்று திட்டியிருக்கிறார். ஸ்டிரெச்சரில் என்னை வெளியே கொண்டுவந்தபோது நான் பார்த்தது பேப்பருக்குக் கீழே இருந்த காலை. தரையைத் தள்ளிக்கொண்டு போய்விடும்போல அழுத்திக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்த விஷயமாக இருந்தாலும் நான் அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை.

எனக்கும் அவர்தான் வண்டி சொல்லிக்கொடுத்தார். அதில் நடந்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மேட்டில் ஏறிக்கொண்டிருந்தோம். முன்னால் ஒரு லாரி. நான் வழக்கம்போல எஞ்சினை அணைத்துத் தொலைத்தேன். இவர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டார். அப்போது அந்த லாரியும் நின்றது, நின்ற கையோடு பின்னால் உருள ஆரம்பித்தது. எங்களுக்குப் பக்கத்தில் ஒதுங்க இடம் இல்லை, இந்தப் பக்கம் சுவர், அந்தப் பக்கம் பஸ். நான் கத்தக்கூட மறந்துபோனேன். லாரி கிட்டே வந்ததும் இவர் கால் பிரேக்கிலிருந்து எழுந்தது. வண்டி பின்னால் நகர்ந்தது. அதே நொடியில் அவருடைய வலது கை என் நெஞ்சுக்குக் குறுக்கே வந்து கட்டை போட்டதுபோல நின்றது. கண்ணாடி உடைந்தது, பானெட் நசுங்கியது. எனக்கு ஒரு கீறல் இல்லை. அவருக்கு மணிக்கட்டு முறிந்தது.

மாவுக்கட்டோடு வீட்டில் உட்கார்ந்திருந்தவரை அன்றைக்கு ஒரு பிடி பிடித்தேன். "பிரேக்கை எதுக்கு விட்டீங்க? பயந்துட்டீங்களா?"

"பயம் இருந்தா அழுத்திட்டு இருந்திருப்பேனே," என்றார். "நிறுத்த முடியும்னு இருக்கற வரைக்கும்தான் காலுக்கு வேலை. இது நிக்காதுன்னு தெரிஞ்சுபோச்சு. அப்புறமும் பிரேக்கைப் பிடிச்சுட்டு நின்னா அடி முழுசும் நமக்குத்தான். கால எடுத்துட்டேன். பக்கத்துல இருக்கறவங்களுக்குக் கையைப் போட்டேன். அவ்வளவுதான்."

இதெல்லாம் பழைய கதை. மகள் வேலைக்கு வெளியூர் போய், நாங்கள் இருவரும் மட்டும் இருந்த சமயத்தில் இவருக்கு இருமல் பிடித்தது. வண்டிப் புகை என்றார். தூசி என்றார். என் கைச்சமையல் காரம் என்றார், கொழுப்பைப் பாருங்கள். ஒரு நாள் வாஷ்பேசினில் ரத்தம் பார்த்தேன். கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். படம் எடுத்தார்கள், சதை எடுத்துப் பார்த்தார்கள். வலது நுரையீரலின் மேல் பாகத்தில் கட்டி, புற்றுநோய்.

"நேரத்துல வந்திருக்கீங்க," என்றார் டாக்டர். "மேல் பாகத்தை எடுத்துட்டா நல்லா வர வாய்ப்பு இருக்கு. வேற எங்கயாவது பரவியிருந்தா மட்டும் அறுக்கறதுல பிரயோஜனம் இல்ல. பரவலன்னு பாத்துட்டுத்தான் கத்தி வைப்போம்."

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் நாங்கள் வார்டுக்குள் நுழைந்தோம். அறுத்தால் பிழைப்பார், அறுக்கவில்லை என்றால் இல்லை.

ஜன்னல் ஓரக் கட்டிலில் ஒரு பெயிண்டர் இருந்தார். நல்ல மனிதர், வெள்ளந்தி. நம்பரம்மா கேட்டதும், "ஏழும்மா. இடுப்புல," என்று உள்ளதைச் சொன்னார். அவரை ஸ்கேனுக்குக் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்தவரிடம் டாக்டர் திரையை இழுத்துவிட்டு ரொம்ப நேரம் பேசினார். மறுநாள் சக்கரம் கிரீச்சிடுகிற நாற்காலி ஒன்று வந்தது. பெயிண்டர் எங்களைப் பார்க்காமல் அதில் ஏறி உட்கார்ந்து வீட்டுக்குப் போனார். ஆபரேஷன் இல்லை. மெத்தையைச் சுருட்டிக் கட்டிலின் தலைமாட்டில் வைத்துவிட்டார்கள். அந்தக் கிரீச் சத்தம் லிஃப்ட் வரைக்கும் கேட்டது.

நோய் இடுப்பு எலும்புக்குப் போய்விட்டது, அதனால்தான் ஏழு வலித்தது, அதனால்தான் அறுக்கவில்லை. இதுதானே விஷயம்? ஆனால் வார்டு புரிந்துகொண்டதே வேறு. ஏழு என்று வாயை விட்டார், அதனால் அனுப்பிவிட்டார்கள். இதைக் கிளப்பிவிட்டவர் எதிர்க் கட்டிலில் இருந்த பஸ் கண்டக்டர். வேலையில் இருந்து ஓய்வு பெற்றாலும் வாய் ஓய்வு பெறவில்லை.

"பாத்தீங்களா வாத்தியாரே, உள்ளதைச் சொல்லி எறங்கிட்டாரு. ரெண்டு சொல்லணும், மிஞ்சிப் போனா மூணு. அதுக்கு மேல போனா விசிலடிச்சு எறக்கி விட்டுடுவாங்க."

அன்றிலிருந்து அந்த வார்டில் யாருக்கும் மூன்றுக்கு மேல் வலிக்கவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு புரண்டு படுக்கிற ஆள்கூட நம்பரம்மாவைக் கண்டதும், "ஒண்ணரை இருக்கும்மா," என்றார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "நான் என்ன வலிக்கு வரியா போடப்போறேன்? உங்க நல்லதுக்குத்தான்யா கேக்கறேன்!" ஒருவரும் அசையவில்லை. அவள் கட்டிலருகே வரும்போது எல்லா முகமும் சிரித்தது.

ஒரு மத்தியானம் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தேன். இவர் கண்டக்டரோடு கேலி பேசிக்கொண்டிருந்தார். போர்வை விலகிக் கிடந்தது. கட்டிலின் கால்மாட்டில் இரும்புக் கம்பி ஒன்று குறுக்கே போகும். அதில் அவர் வலது கால் அழுந்திக்கொண்டிருந்தது. விரல்களில் ரத்தமே இல்லை, வெளுத்துப் போயிருந்தன.

கண்டக்டர் பாத்ரூமுக்குப் போகட்டும் என்று காத்திருந்தேன். "எங்க வலிக்குது?"

"எங்கயும் இல்ல."

"உங்க மூஞ்சிகிட்ட கேக்கல. காலைப் பாத்துட்டுத்தான் கேக்கறேன்."

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "முதுகுல. ரெண்டு தோளுக்கும் நடுவுல."

"எத்தனை நாளா?"

"உக்காந்தே பொழப்பு நடத்தறவனுக்கு முதுகு வலிக்காம பல்லா வலிக்கும்?"

"அதை நம்பரம்மாகிட்ட சொல்லித் தொலைங்களேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "சொன்னா அறுக்க மாட்டாங்கம்மா. பெயிண்டரைப் பாத்தல்ல? அறுக்கலன்னா நான் போயிடுவேன். நீ வாயைத் திறக்காத. இந்த ஒரு தடவை மட்டும்."

போயிடுவேன் என்று அவர் வாயிலிருந்து அதுவரைக்கும் வந்ததில்லை. உரித்த பழத்தை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து காரிடார் பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்குக் கணக்கு தெளிவாகத்தான் இருந்தது. பரவியிருந்தால் நெஞ்சைப் பிளப்பது வீண் சித்திரவதை. பரவவில்லை என்றால் சொல்வதால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் கணக்கு தெளிவாக இருந்தால் போதுமா? நான் வாயைத் திறந்து, நாளைக்கு அந்தக் கிரீச் நாற்காலி எங்கள் கட்டிலுக்கு வந்தால்?

நம்பரம்மா அந்த வழியாக வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். சாருக்கு நெஜமாவே ரெண்டுதானா? அவர் மல்லாந்து படுத்து நான் பாக்கவே இல்ல. தண்ணி டம்ளரை எடுக்கறப்போ மூச்சை நிறுத்திட்டுத்தான் எடுக்கறார்."

அவளும் பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகு என்னால் முடியவில்லை. "அவர் மூஞ்சியைப் பாக்காதம்மா. காலைப் பாரு," என்று ஆரம்பித்து, ஷூவில் விழுந்த ஓட்டை, பிரசவ அறை, முதுகு வலி என்று கொட்டிவிட்டேன்.

ஸ்கேனுக்குக் கூட்டிப்போனார்கள். இவர் என்னைப் பார்க்கவில்லை, பேசவில்லை. விஷயம் கேள்விப்பட்டு இவருடைய அக்கா வந்தார். "ஏம்மா, உன் வாயை ஒரு வாரம் பூட்டி வைக்க முடியாதா? என் தம்பிக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீதான் பொறுப்பு."

"பொறுப்பு என்னோடதுதான் அண்ணி. அவர் பொண்டாட்டி நான்தானே," என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, ஒவ்வொரு முறை லிஃப்ட் கதவு திறக்கும்போதும் அந்தச் சக்கரச் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். "முதுகெலும்புல ஒரு இடம் கொஞ்சம் தெளிவா இல்ல. தேய்மானமா இருக்கலாம். இவர் வேலைக்கு அது சகஜம். இன்னொரு படமும் எடுத்துப் பாத்துட்டோம், தேய்மானம் மாதிரிதான் தெரியுது. இதுக்காக ஆபரேஷனைத் தள்ளிப்போட்டா கட்டி பெருசாயிடும். செஞ்சுடலாம்."

இருக்கலாம், மாதிரி. இந்த இரண்டு வார்த்தைகளை மட்டும் நான் விடாமல் பிடித்துக்கொண்டேன். ஆனால் வார்டே கொண்டாடியது. "டிக்கெட் கிடைச்சாச்சு வாத்தியாரே!" என்று கண்டக்டர் கத்தினார். அவருக்கும் அந்த வாரமே ஆபரேஷன். இவர் முகம் மலர என்னோடு பேசினார். "பாத்தியா? தேய்மானம்தான். நான்தான் அப்பவே சொன்னேனே." போர்வைக்குள் கால் கம்பியைத் தேடிப்போனதை நானும் பார்த்தேன், நம்பரம்மாவும் பார்த்தாள்.

ஆபரேஷன் முடிந்து இவரைப் பார்க்க விட்டபோது விலாவிலிருந்து ஒரு குழாய் கீழே பாட்டிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. முதுகில் மெல்லிய டியூப் ஒன்று, அதன் வழியாக வலி மருந்து. முகம் மட்டும், வண்டி நின்றதும் பிரமாதம் என்று சொல்வாரே, அதே முகம்.

இப்போது நம்பரம்மா ஒன்றுக்கு மூன்றாகக் கேட்டாள். சும்மா படுத்திருக்கும்போது எவ்வளவு, இருமும்போது எவ்வளவு, கையைத் தூக்கும்போது எவ்வளவு.

"ரெண்டு, ரெண்டு, ரெண்டு," என்றார் இவர்.

அவள் நேராகக் கால்மாட்டுக்குப் போய்ப் போர்வையை விலக்கினாள். "இப்ப இருமுங்க."

தொண்டையில் ஒரு பொய் இருமல் இருமினார். வலது கால் கால்மாட்டுக் கம்பியில் போய் இடித்து நின்றது.

"ஏழு," என்றாள் அவள். "நீங்க சொல்றதை நான் இனிமே நம்பப் போறதில்ல சார். வலியை அடக்கிட்டு இருமாம இருந்தா சளி உள்ளயே தங்கும். அப்புறம் காய்ச்சல் வரும். அதுதான் ஆளைக் கொல்லும். இதுல வீரம் எதுவும் இல்ல." மருந்தைக் கூட்டச் சொல்லிவிட்டு, தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எப்படி இருமுவது என்று காட்டிக்கொடுத்தாள். மனுஷன் கண்ணில் தண்ணீர் வர இருமினார். சளி வந்தது.

கண்டக்டருக்கு இப்படிக் காட்டிக்கொடுக்கிற கால் இல்லை. அவரும் ரெண்டு ரெண்டு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நம்பரம்மா அவரோடும் மல்லுக்கட்டினாள், அவர் ஜோக் அடித்து அவளை அனுப்பிவிட்டார். ஒரு காலையில் அவருக்கு உடம்பு கொதித்தது. ஜோக் நின்றது. கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் மனைவி காரிடாரில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வலிக்கலன்னுதானே சொன்னாரு, வலிக்கலன்னுதானே சொன்னாரு," என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கண்டக்டர் அந்த வார்டுக்குத் திரும்பி வரவில்லை.

இவர் பிழைத்து வீட்டுக்கு வந்தார். தையல் ஆறியது. விலாவைச் சுற்றி எரிச்சலும் மரமரப்பும் இருந்தன, அவையும் நாளாக நாளாகக் குறைந்தன. வலது கையைத்தான் தூக்க முடியவில்லை. சுவரில் விரல்களை நண்டுபோல ஏற்றச் சொல்லியிருந்தார்கள். தோளுக்கு வெகு கீழேயே முகம் மாறாமல் நின்றுவிடுவார். "போதும், சட்டை போடற அளவுக்கு வந்தாச்சு," என்பார். பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன்.

பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் டிரைவிங் ஸ்கூல் வண்டியை நான் ஓட்டினேன். அவர் பழைய இடத்தில், இரண்டாவது பிரேக்குக்கு முன்னால் உட்கார்ந்துகொள்வார். நான் மிதிப்பதற்கு முன்பே அவர் மிதித்துவிடுவார். வண்டி குலுங்கும்.

"நான் என்ன கத்துக்குட்டியா?" என்று எரிந்து விழுவேன்.

"பழக்கம்மா, பழக்கம்."

திட்டினாலும் எனக்கு உள்ளூர நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் கொஞ்ச நாளில் ஒன்றைக் கவனித்தேன். சாலையில் எங்களைத் தவிர ஒரு வண்டி இருக்காது, சிக்னல் இருக்காது, ஆடு மாடு ஒன்றும் இருக்காது. அப்போதும் அந்தக் கால் பாதி அழுத்தியிருக்கும். எஞ்சின் முக்கும். அவர் சீட்டில் முதுகு படாமல் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்.

"முதுகா?"

"ரெண்டுதான்."

நான் சும்மா இருக்கவில்லை. போன் போட்டுச் சொல்லிவிட்டேன். நம்பரம்மா டாக்டரிடம் பேசி மறுபடியும் ஸ்கேனுக்கு ஏற்பாடு செய்தாள். இவர் இந்தத் தடவை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று நினைத்துக்கொண்டேன்.

ரிசல்ட் வாங்கப் போன அன்று வானம் மூடிக் கிடந்தது. மெயின் ரோட்டில் திரும்பும்போது ஒரு பைக்காரன் கண்மூடித்தனமாகக் குறுக்கே பாய்ந்தான். நான் இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து மிதித்தேன். வண்டி அவனை உரசாமல் நின்றது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அவனைத் திட்டித் தீர்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மிதித்தது நான் மட்டும்தான். திரும்பிப் பார்த்தேன். இவர் வலது கால் பிரேக்கை விட்டுத் தள்ளி, தரை விரிப்பின் மேல் தளர்வாகக் கிடந்தது.

"தூங்கிட்டீங்களா?"

"இல்லம்மா. பாத்துட்டுத்தான் இருந்தேன்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார், "நீ நல்லாத்தானே ஓட்டற. பிரமாதமா நிறுத்துன."

அந்தப் பிரமாதத்தை எத்தனை பேரிடம் எதற்காகச் சொல்லியிருக்கிறார் என்று எனக்குத் தெரியாதா? இன்றைக்கு அதை நிஜமாகச் சொன்னார். பின்னால் ஹாரன் அடித்தார்கள். கிளம்பினேன்.

டாக்டர் அறைக்கு வெளியே நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். நான் அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்தேன். கதவு மூடியிருந்தது. உள்ளே யாரோ போனில் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. நம்பரம்மா எங்களைப் பார்த்ததும் அட்டையை ஆட்டிக்கொண்டே வந்தாள். வந்தவள் பழக்கப்படி முதலில் கீழே பார்த்தாள். இவருடைய ஷூ இரண்டும் தரையில் சமமாக இருந்தன. நான் வாங்கிக்கொடுத்த புது ஷூ.

"அட, சார் கால் இன்னிக்குச் சும்மா இருக்கே!" அவளுக்கு வாயெல்லாம் பல். "அக்கா, பாத்தீங்களா? இன்னிக்குத்தான் சார் உண்மையான ரெண்டு சொல்லப் போறார். சொல்லுங்க சார், எவ்வளவு?"

"ஒன்பது," என்றார்.

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. "இருமும்போதா?"

"சும்மா இருக்கும்போதே. முதுகுல. இப்ப காலுக்கும் எறங்குது." இடது பக்கம் திரும்புங்க என்று சொல்லிக்கொடுப்பாரே, அந்தக் குரல். "பத்து எப்படி இருக்கும்னு தெரியலம்மா. அதனால ஒன்பதுன்னு வச்சுக்கோ."

நம்பரம்மா குனிந்து மறுபடியும் அவர் காலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கு லாரிக் கதை தெரியாது. ஷூவைப் பற்றிச் சொன்னேன், பிரசவ அறையைப் பற்றிச் சொன்னேன், மேட்டில் நடந்ததை மட்டும் அவளிடம் சொன்னதில்லை. மருந்து எழுதி வாங்கி வருகிறேன் என்று எழுந்தவள் போகாமல் அங்கேயே நின்றாள்.

கதவு திறந்தது. பெயர் கூப்பிடுகிற பையன் வரவில்லை. டாக்டரே கையில் படத்தோடு வெளியே வந்து நின்று, எங்களைப் பார்த்து, "உள்ள வாங்க, ரெண்டு பேருமே வாங்க," என்றார்.

என் உடம்பு முன்னால் போனது. அதற்குள் இவருடைய வலது கை எழுந்தது. சட்டை போடுவதற்குக்கூடத் தூக்க முடியாத கை, தோளுக்கு நேராக வந்து, என் நெஞ்சுக்குக் குறுக்கே நீண்டு அப்படியே நின்றது. அந்தக் கையை நான் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.